படம் ஓடுது, சத்தம் வரலை! – டிஜிட்டல் கேள்வி பதில்

டி.வி., போன், இயர்பட்ஸ், பழைய வீடியோ கேசட் என்று வாசகர்கள் கேட்டவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இம்முறை எடுத்துக்கொண்டோம். புதிதாக ஏதாவது வாங்கலாமா என்றே பலர் கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக வாங்க வேண்டியதில்லை. செட்டிங்ஸையும் கேபிளையும் முதலில் பாருங்கள்.

கேள்வி: டி.வி. 4கே, இணைய இணைப்பு 100 எம்.பி.பி.எஸ்., ஓடிடி சந்தாவும் 4கே. மூன்றும் இருந்தும் படம் தெளிவாக இல்லை. போனில் பார்த்தால் இன்னும் மோசம். யார்மேல் குற்றம்?

பதில்: ஓடிடி படம் ஒரே கோப்பாக உங்கள் வீட்டுக்கு வருவதில்லை. சில விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் சர்வரில் வைத்திருக்கிறார்கள். அடுத்த துண்டு எந்தத் தரத்தில் வர வேண்டும் என்பதை உங்கள் டி.வி.யில் ஓடும் ஆப்தான் அந்தந்த நேரத்து வேகத்தைப் பார்த்து முடிவு செய்கிறது. வேகம் சற்றுத் தடுமாறினாலும் படம் நிற்காது, தரம் இறங்கும். பழைய நாட்களில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்ததால் கோளாறு பளிச்சென்று தெரிந்தது. இப்போது அது மங்கலான படமாக வேடம் மாற்றிக்கொண்டுவிட்டது.

நெட்ஃப்ளிக்ஸ் பரிந்துரைக்கும் வேகம் 1080பி படத்துக்கு 5, 4கே படத்துக்கு 15 எம்.பி.பி.எஸ். உங்கள் 100 தாராளம். ஆனால் அந்த 100 ரௌட்டர் வரை வருகிற வேகம். டி.வி.க்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதை டி.வி.யிலேயே சோதித்துப் பாருங்கள். நெட்ஃப்ளிக்ஸ் ஆப்பில் உதவிப் பகுதிக்குள் நெட்வொர்க்கைச் சோதிக்கும் வசதி உண்டு. டி.வி.யில் பிரவுசர் இருந்தால் ஏதேனும் ஸ்பீடு டெஸ்ட் தளத்தைத் திறந்தும் பார்க்கலாம். எண் குறைவாக வந்தால் டி.வி. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டு ரௌட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் மொய்க்கிற அலைவரிசை அது. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். இரண்டு மூன்று சுவர் குறுக்கே இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் வலுவிழந்துவிடும். அப்போது லேன் கேபிள் இழுப்பதுதான் நிரந்தரத் தீர்வு. பல டி.வி.களின் லேன் போர்ட் 100 எம்.பி.பி.எஸ். வரைதான் தாங்கும் என்று சொல்லிச் சிலர் தடுப்பார்கள். பொருட்படுத்தாதீர்கள். படத்துக்கு வேண்டியது நிலையான 15தான், அவ்வப்போது எட்டிப் பார்க்கும் 300 அல்ல.

ஓடிடி பார்க்க டி.வி.க்குப் பின்னால் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகியிருக்கிறீர்களா? டி.வி.யின் உலோகப் பின்பக்கம் வைஃபை சிக்னலை மறைக்கும். ஸ்டிக்குடன் ஒரு சிறு எச்.டி.எம்.ஐ. நீட்டிப்புக் கேபிள் தந்திருப்பார்கள். பலர் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். அதைப் போட்டு ஸ்டிக்கை டி.வி. விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டாலே வேகம் கூடும். கையோடு, அந்த எச்.டி.எம்.ஐ. போர்ட்டின் செட்டிங்கையும் பாருங்கள். பல டி.வி.களில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் 'என்ஹான்ஸ்டு' அல்லது 'டீப் கலர்' என்ற பெயரில் தனி சுவிட்ச் உண்டு. அதை ஆன் செய்யாவிட்டால் விநாடிக்கு 60 பிரேம் ஓடும் 4கே படமும், வெளிச்சத்தையும் நிழலையும் கூடுதல் விவரத்தோடு காட்டும் எச்.டி.ஆரும் அந்த வழியாக வராமல் போகலாம்.

போன் விவகாரம் வேறு. ஆண்ட்ராய்டு போன்களில் காப்புரிமைப் படங்களைத் திறக்கும் வைட்வைன் என்ற பூட்டு இருக்கிறது. எல்1 சான்று உள்ள போனில் எச்.டி. வரும். எல்3 என்றால் எவ்வளவு நல்ல திரையாக இருந்தாலும் சாதாரணத் தரம்தான், அதாவது 480பி அளவில் நின்றுவிடும். நெட்ஃப்ளிக்ஸ் ஆப்பின் செட்டிங்ஸில் 'பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன்' பகுதியில் உங்கள் போன் எந்த நிலை, அதிகபட்சம் எந்தத் தரம் என்று எழுதியிருக்கும். பூட்லோடரைத் திறந்து வேறு இயங்குதளம் ஏற்றிய போன்கள் பெரும்பாலும் எல்1 இலிருந்து எல்3க்கு இறங்கிவிடும். போன் வாங்கும்போது கேமராவின் மெகாபிக்சலைக் கேட்கிறவர்கள் இதையும் கேட்கலாம்.

கேள்வி: சண்டைக் காட்சியில் வீடு அதிர்கிறது, வசனம் வந்தால் காதைத் தீட்ட வேண்டியிருக்கிறது. ரிமோட்டும் கையுமாகவே படம் பார்க்கிறோம்.

பதில்: பெரும்பாலான படங்களின் ஒலி 5.1 சேனலில், அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் அதிர்வொலிக்கான ஒரு சப்வூஃபருக்கும் என்று கலக்கப்படுகிறது. வசனம் ஏறத்தாழ முழுவதும் நடுவிலுள்ள சென்டர் சேனலில் இருக்கும். உங்கள் டி.வி.யில் இருப்பதோ இரண்டு ஸ்பீக்கர். அந்த ஆறு சேனலையும் இரண்டில் திணிக்கும்போது சென்டர் வழக்கமாக 3 டெசிபல் குறைக்கப்பட்டு இடத்திலும் வலத்திலும் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. அதன்மேல் இசையும் வெடிச்சத்தமும் வந்து ஏறிக்கொள்கின்றன. போதாக்குறைக்கு, ஒல்லியான டி.வி.களின் ஸ்பீக்கர் கீழ்நோக்கியோ பின்னோக்கியோ பார்த்தபடி இருக்கிறது. வசனம் சுவரில் மோதிவிட்டுத்தான் உங்களிடம் வருகிறது.

காசு செலவில்லாத வழி: படம் ஓடும்போது ஆடியோ பட்டியலைத் திறந்து, 5.1 என்று இருந்தால் அதே மொழியின் ஸ்டீரியோ டிராக்குக்கு மாற்றுங்கள். ஸ்டீரியோவுக்கென்றே கலந்த டிராக்கில் வசனம் எடுப்பாக இருக்கும். அது இல்லையென்றால் டி.வி.யின் ஒலிப் பகுதியில் 'கிளியர் வாய்ஸ்', 'நைட் மோடு', 'ஆட்டோ வால்யூம்' போன்ற ஏதாவது ஒன்று இருக்கும். உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியை அது சுருக்கும். வெடிச்சத்தத்தின் கம்பீரம் போய்விடும்தான். இரவு 11 மணிக்குக் கம்பீரம் யாருக்கு வேண்டும்?

சவுண்ட்பார் வாங்குவதென்றால் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 2.1 என்றால் இடம், வலம், ஒரு சப்வூஃபர். சென்டர் கிடையாது. அதிர்வு கூடும், வசனம் அங்கேயேதான் இருக்கும். 3.1 இல்தான் வசனத்துக்கென்று தனி ஸ்பீக்கர் வருகிறது. அதை டி.வி.யில் 'ஆர்க்' அல்லது 'இ-ஆர்க்' என்று அச்சிட்ட எச்.டி.எம்.ஐ. போர்ட்டில் மட்டும் செருகுங்கள். மற்ற போர்ட்டில் செருகினால் டி.வி.யின் ஒலி பாருக்குப் போகாது. டி.வி.யில் 'டிஜிட்டல் ஆடியோ அவுட்' பி.சி.எம். என்று இருந்தால் ஆர்க் வழியாக இரண்டு சேனல்தான் போகும். சென்டர் உள்ள பாருக்கு அதை 'ஆட்டோ' அல்லது 'பாஸ்த்ரூ' ஆக்குங்கள்.

உதடு ஒன்று பேச, சத்தம் வேறு நேரத்தில் வந்தால் 'ஆடியோ டிலே'யைச் சரிசெய்யலாம். ஒலி படத்தைவிட 45 மில்லி விநாடி முந்தினாலே கண்டுபிடித்துவிடுவோம், 125 மில்லி விநாடி வரை பிந்தினால் நமக்குத் தெரியாது என்கிறது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அந்த செட்டிங்கால் ஒலியைத் தாமதப்படுத்த மட்டுமே முடியும். ஒலி பிந்தி வந்தால் முதலில் அதைப் பூஜ்யமாக்குங்கள். அப்படியும் பிந்தினால் சவுண்ட்பாரின் சரவுண்டு விளைவுகளை அணைத்துப் பாருங்கள். அந்தக் கணக்கீடுகளுக்கும் நேரம் பிடிக்கும்.

கேள்வி: பென் டிரைவில் போட்ட வீடியோ கம்ப்யூட்டரில் நன்றாக ஓடுகிறது. டி.வி.யில் படம் வருகிறது, சத்தம் வரவில்லை. பெரிய கோப்புகள் பென் டிரைவில் ஏறவே மறுக்கின்றன. தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வருகிறது.

பதில்: ஒரே கேள்வியில் மூன்று நோய். ஒவ்வொன்றுக்கும் மருந்து தனி.

பெரிய கோப்பு ஏறாததற்குக் காரணம் பென் டிரைவ் 'ஃபேட்32' முறையில் ஃபார்மட் ஆகியிருப்பது. அதில் 4 ஜி.பி.யைத் தாண்டிய ஒற்றைக் கோப்பை வைக்க முடியாது. டிரைவில் 50 ஜி.பி. காலியாக இருந்தாலும் கோப்பு மிகப் பெரிது என்றே சொல்லும். உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு 'எக்ஸ்ஃபேட்' முறையில் ஃபார்மட் செய்யுங்கள். அண்மைக் கால டி.வி.கள் பெரும்பாலும் இதைப் படிக்கும். மிகப் பழைய டி.வி.யாக இருந்தால் கையேட்டில் எந்தெந்த முறை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சத்தம் வராததற்கு டி.வி. பழுதல்ல. '.எம்.கே.வி.' என்பது வெறும் உறை. அதற்குள் படம் ஒரு வடிவத்திலும் ஒலி வேறொரு வடிவத்திலும் இருக்கும். ஒலி டி.டி.எஸ். வடிவத்தில் இருந்தால்தான் பெரும்பாலும் இந்தத் தொல்லை. டி.டி.எஸ்ஸுக்கு உரிமக் கட்டணம் உண்டு. பல டி.வி.கள் அதை ஆதரிப்பதில்லை. கம்ப்யூட்டரில் வி.எல்.சி. எல்லாவற்றையும் திறந்துவிடுவதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. வி.எல்.சி.யில் 'கோடெக் இன்ஃபர்மேஷன்' பார்த்தால் ஒலியின் வடிவம் எழுதியிருக்கும். படத்தையும் ஒலியையும் சுருக்கி விரிக்கும் முறைக்குத்தான் கோடெக் என்று பெயர்.

இதற்காக முழுப் படத்தையும் மாற்றிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார வேண்டாம். ஒலியை மட்டும் மாற்றினால் போதும். அவிடெமக்ஸ் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறங்கள். இடப்பக்கம் 'வீடியோ அவுட்புட்' என்பதில் 'காப்பி' இருக்கட்டும். 'ஆடியோ அவுட்புட்' என்பதில் ஏ.சி.3 ஐ (டால்பி டிஜிட்டல்) தேர்ந்தெடுத்து, 'கான்ஃபிகர்' அழுத்தி, 5.1 ஒலிக்கு பிட்ரேட்டை 448 ஆக்குங்கள். 'அவுட்புட் ஃபார்மட்' என்பதில் எம்.கே.வி. வைத்து, புதிய பெயரில் சேமியுங்கள். படம் தொடப்படாமல் அப்படியே நகலாவதால் சில நிமிடத்தில் வேலை முடியும், தரமும் குறையாது. 'வீடியோ அவுட்புட்'டிலும் கை வைத்துவிட்டால் இரண்டுமே போச்சு. படமே வராமல் சத்தம் மட்டும் வருகிறது என்றால் அது வேறு சிக்கல். 10 பிட் எச்.264 அல்லது ஏ.வி.1 கோடெக்கை உங்கள் டி.வி.யின் சிப் அறியாது என்று பொருள். அங்கேதான் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு முழுதாக மாற்ற வேண்டி வரும்.

சப்டைட்டில் கோப்பை நோட்பேடில் திறந்து, 'சேவ் ஆஸ்' கொடுத்து, கீழே என்கோடிங் என்ற இடத்தில் யு.டி.எஃப்-8 தேர்ந்து சேமியுங்கள். கோப்பின் பெயர் படத்தின் பெயரோடு எழுத்து மாறாமல் ஒத்திருக்க வேண்டும். அப்படியும் கட்டம் வந்தால் டி.வி.யில் தமிழ் எழுத்துருவே இல்லை. எழுத்து வந்தும் கொம்பு முன்னே போகாமல் பின்னால் தொங்கினால், எழுத்துரு இருக்கிறது, எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை. இரண்டுக்கும் செட்டிங்ஸில் மருந்தில்லை. ஆண்ட்ராய்டு டி.வி.யாக இருந்தால் அதோடு வந்த பிளேயரை விட்டு வி.எல்.சி. போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகும். இல்லையேல் ஹேண்ட்பிரேக்கில் 'பர்ன் இன்' கொடுத்து எழுத்தைப் படத்தோடு பதித்துவிடலாம். அதற்கு முழுப் படமும் மறுபடி என்கோட் ஆக வேண்டும், நேரம் பிடிக்கும். பதித்த பின் எழுத்தை அணைக்கவும் முடியாது.

கேள்வி: போனிலிருந்து டி.வி.க்கு டைப்-சி டு எச்.டி.எம்.ஐ. கேபிள் வாங்கினேன். ஒன்றும் வரவில்லை. கேபிள் மட்டமா?

பதில்: போனைச் சந்தேகியுங்கள். டைப்-சி என்பது துளையின் வடிவம் மட்டும்தான். அதற்குள் என்ன ஓடுகிறது என்பது போனுக்குப் போன் மாறும். படம் வெளியே வர 'டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோடு' என்ற வசதி போனில் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனின் விவரப் பட்டியலில் 'யு.எஸ்.பி. 2.0' என்று மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் ஆசையை விட்டுவிடலாம். '3.1', '3.2' என்று இருந்தாலும் 'டிஸ்பிளேபோர்ட்' என்ற சொல்லைத் தனியாகத் தேடுங்கள். ஐபோன் 15 முதல் வந்த வழக்கமான மாடல்களிலும், சாம்சங்கின் உயர்ரக எஸ் வரிசையிலும் உண்டு. இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிள்களிலும் இதே கதைதான். போனோடு வரும் சார்ஜிங் கேபிள் பலவற்றில் 480 எம்.பி.பி.எஸ். வேகத்துக்கான கம்பிகளே இருக்கும். மின்சாரம் போகும், படம் போகாது.

வசதி இல்லாத போன் என்றால் வைஃபை வழியாக அனுப்புங்கள். அதில் இரண்டு வகை. யூடியூப் போன்ற ஆப்பில் 'காஸ்ட்' அழுத்தினால் டி.வி.யே நேராக இணையத்திலிருந்து படத்தை எடுத்துக்கொள்ளும், போன் வெறும் ரிமோட். 'ஸ்கிரீன் மிரரிங்' என்றால் போன் தன் திரையை நொடிக்கு நொடி வீடியோவாக்கி அனுப்ப வேண்டும். போன் சுடும், பேட்டரி கரையும், படமும் சற்றுப் பிந்தும். ஓடிடி ஆப்கள் மிரரிங்கில் கறுப்புத் திரை காட்டினால் அது காப்புரிமைப் பூட்டின் வேலை.

கேள்வி: புது டி.வி.யில் சினிமா, சீரியல் மாதிரித் தெரிகிறது. ஏன்?

பதில்: சினிமா விநாடிக்கு 24 பிரேம். டி.வி. நடுவில் இல்லாத பிரேம்களைத் தானே கற்பனை செய்து நுழைத்து அசைவை வழவழப்பாக்குகிறது. எல்.ஜி.யில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ', சாம்சங்கில் 'பிக்சர் கிளாரிட்டி' என்று பெயர். அணைத்துவிடுங்கள், அல்லது படத்துக்கு 'ஃபிலிம்மேக்கர் மோடு' வையுங்கள். கிரிக்கெட் பார்க்கும்போது மட்டும் அது பரவாயில்லை.

கேள்வி: இயர்பட்ஸில் வீடியோ பார்த்தால் சரியாக இருக்கிறது. கேம் ஆடினால் சத்தம் பிந்துகிறது. லேப்டாப்பில் மீட்டிங் சேர்ந்தால் பாட்டின் தரமே கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது.

பதில்: புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரித்துக் கேட்க நேரம் எடுக்கும். எல்லாக் கருவிக்கும் பொதுவான எஸ்.பி.சி. கோடெக்கில் 150 முதல் 250 மில்லி விநாடி வரை ஆவது சகஜம். வீடியோ ஆப்புக்கு இந்தத் தாமதம் தெரியும், அதற்கேற்பப் படத்தையும் பிடித்து வைத்துக் காட்டுகிறது. கேமில் அது நடக்காது. நீங்கள் எப்போது விசையை அழுத்துவீர்கள் என்று யாருக்குத் தெரியும்? இயர்பட்ஸின் ஆப்பில் 'கேம் மோடு' இருந்தால் போடுங்கள். முன்கூட்டியே சேர்த்து வைக்கும் கையிருப்பு ஒலியைக் குறைத்துத்தான் அது தாமதத்தைக் குறைக்கிறது. ஆகவே ரயில் நிலையம் போன்ற நெரிசலில் ஒலி விட்டுவிட்டு வரும். 2020 இல் வந்த புளூடூத் 5.2 இன் 'எல்.இ. ஆடியோ' இதை வெகுவாகச் சரிசெய்கிறது. ஆனால் போன், இயர்பட்ஸ் இரண்டிலுமே அது இருக்க வேண்டும், பெட்டியில் '5.2' என்று அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது. தீவிரமாக ஆடுகிறவர்களுக்கு ஒயர்தான் இன்னமும் ராஜா.

மீட்டிங் சங்கதி: வழக்கமான புளூடூத்தில் ஒன்று, உயர்தர ஒலியைக் கேட்கலாம், அல்லது மைக்கில் பேசலாம். இரண்டும் சேர்ந்து நடக்காது. மைக் திறந்த கணமே இணைப்பு தொலைபேசி முறைக்குத் தாவி, ஒலி ஒற்றைச் சேனலாகிவிடும். மீட்டிங் ஆப்பின் ஆடியோ செட்டிங்ஸில் ஸ்பீக்கராக இயர்பட்ஸையும் மைக்காக லேப்டாப்பின் மைக்கையும் தேர்ந்தெடுங்கள். பாட்டு பழைய தரத்துக்கு வந்துவிடும். உங்கள் குரலும் பெரும்பாலும் தெளிவாகவே போகும்.

கேள்வி: கல்யாண வி.எச்.எஸ். கேசட்டுகள் இருக்கின்றன. நாமே கம்ப்யூட்டருக்கு மாற்ற முடியுமா?

பதில்: முடியும். தள்ளிப்போடாதீர்கள். டேப் மெல்ல மங்குகிறது என்பது ஒருபுறம், ஓட்டுவதற்குக் கருவி கிடைப்பது அதைவிட அரிதாகிறது. கடைசியாக வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இனி கிடைப்பதெல்லாம் பழையதுதான்.

முதலில் கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக டேப்பைப் பாருங்கள். விளிம்பில் வெள்ளைத் தூள் படிந்திருந்தால் பூஞ்சை. அதை வி.சி.ஆரில் போடக் கூடாது. டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும், சுவாசிக்கவும் நல்லதல்ல. அத்தகைய கேசட்டைத் தொழில்முறையாகச் சுத்தம் செய்கிறவரிடம் கொடுங்கள். நல்ல கேசட்டின் முதுகில், இடப்பக்கம், ஒரு சிறு பிளாஸ்டிக் தகடு இருக்கும். அது இன்னும் உடைக்கப்படாமல் இருந்தால் இப்போது உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் பதிவு அழியாது. பின்பு ஒருமுறை கடைசிவரை ஃபார்வர்டு, மறுபடி முழு ரீவைண்ட். ஆண்டுக்கணக்கில் இறுகிக் கிடந்த டேப் சீராகச் சுற்றிக்கொள்ளும்.

படத்தில் கோடும் புள்ளியும் பெய்தால் ஹெட் அழுக்கு. பிளக்கைக் கழற்றிவிட்டு மேல்மூடியைத் திறங்கள். சாய்ந்து நிற்கும் பளபளப்பான உருளைதான் டிரம். இழை உதிராத, வழவழப்பான வெள்ளைத்தாள் துண்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து டிரம்மின் பக்கவாட்டில் அசையாமல் வைத்துக்கொண்டு, டிரம்மை மேலிருந்து விரலால் மெல்லச் சுழற்றுங்கள். தாளில் பழுப்புக் கறை இறங்கும். கறை நிற்கும்வரை தாளை மாற்றுங்கள். தாளை மேலும் கீழுமாகத் தேய்த்தால் முடியளவு மெல்லிய ஹெட் முறிந்துவிடும். பஞ்சுக் குச்சி வேண்டவே வேண்டாம், அதன் இழை ஹெட்டில் சிக்கும். ஆல்கஹால் முழுதும் உலர்ந்த பிறகே கேசட்டைப் போடுங்கள்.

வி.சி.ஆரின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு அவுட்புட்டை யு.எஸ்.பி. கேப்சர் கருவியில் செருகி, ஓ.பி.எஸ். அல்லது வர்ச்சுவல்டப் மென்பொருளில் பதியலாம். நடைபெறும் தவறுகள் அநேகமாக இந்த இடத்தில்தான். இந்திய டி.வி. முறையான பால் (PAL) முறையில் பதிவான கேசட் என்றால் 720×576, 25 பிரேம். அமெரிக்க முறையான என்.டி.எஸ்.சி. என்றால் 720×480, 29.97 பிரேம். எச்.டி.யாகட்டும் என்று 1920×1080 வைத்துப் பதியாதீர்கள். வி.எச்.எஸ்ஸில் இருப்பதே கிடைமட்டமாகச் சுமார் 240 கோடு விவரம்தான், கோப்பு பெருக்குமே தவிர படத்தின் தரம் கூடாது. திரை விகிதம் 4:3 இல் இருக்கட்டும். அகலத் திரைக்கு இழுத்தால் மணமக்கள் இருவரும் பெருத்துவிடுவார்கள்.

பழைய படத்தில் ஒவ்வொரு பிரேமும் ஒன்றுவிட்ட கோடுகளாக இரண்டு பாதிகளாகப் பதிவாகியிருக்கும். கம்ப்யூட்டரில் பார்த்தால் கை அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் போலத் தெரிவது அதனால். பதியும்போது அதைத் தொட வேண்டாம். பின்னர் ஹேண்ட்பிரேக்கில் 'டீஇன்டர்லேஸ்' பகுதியில் பி.டபிள்யூ.டி.ஐ.எஃப். தேர்ந்து 'பாப்' கொடுத்தால் விநாடிக்கு 50 பிரேமாக, அன்று டி.வி.யில் பார்த்த அதே அசைவோடு வரும். 8 எம்.பி.பி.எஸ். எச்.264 ஆகப் பதிந்தால் மணிக்கு ஏறத்தாழ 3.6 ஜி.பி. இடம் போதும். பதிய ஆகும் நேரம் கேசட்டின் நேரமேதான். 3 மணி நேரக் கேசட்டுக்கு 3 மணி நேரம், குறுக்குவழி இல்லை.

போகப்போகப் படமும் ஒலியும் விலகினால் டேப்பின் ஓட்டம் சீராக இல்லை, கேப்சர் கருவி பிரேம்களைத் தவறவிடுகிறது. டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி இதற்கென்றே உண்டு. அது கிடைக்காதவர்கள் பழைய டி.வி.டி. ரெக்கார்டர் ஒன்றை நடுவில் இணைத்து அதன் வழியாக அனுப்பினால் சில மாடல்களில் சிக்னல் ஓரளவு திருந்திவிடும். படத்தின் அடியில் சில கோடுகள் எப்போதும் கிழிந்து நெளிவது கோளாறல்ல. ஹெட் மாறும் இடம் அது, பழைய குழாய் டி.வி. அதைத் திரைக்கு வெளியே மறைத்துவிடும். வேண்டுமானால் வெட்டிவிடலாம்.

கையடக்க வீடியோ கேமராக்களில் வந்த மினி டிவி (MiniDV) கேசட் என்றால் இந்த மஞ்சள் கேபிளே வேண்டாம். அதில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல். கேமராவின் ஃபயர்வயர் வழியாக எடுத்தால் தரம் துளியும் குறையாமல் மணிக்கு ஏறக்குறைய 13 ஜி.பி. கோப்பாக வரும். வேலை முடிந்ததும் இரண்டு வேறு டிஸ்க்குகளில் பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாளைக்கு இதைவிட நல்ல கேப்சர் முறை கிடைக்கலாம்.

கேள்வி: நாம் டி.வி.யைப் பார்க்கிறோம். டி.வி. நம்மைப் பார்க்கிறதா?

பதில்: உங்களை அல்ல, நீங்கள் பார்ப்பதை. பல ஸ்மார்ட் டி.வி.களில் ஏ.சி.ஆர். என்ற நுட்பம் இருக்கிறது. திரையில் ஓடுவதன் சிறு மாதிரியை அவ்வப்போது எடுத்து, ஒரு பெரிய பட்டியலோடு ஒப்பிட்டு, என்ன நிகழ்ச்சி என்று கண்டுபிடிக்கும். எச்.டி.எம்.ஐ.யில் செருகிய டிஸ்க் பிளேயரிலிருந்து வரும் படத்தையும் அது அடையாளம் காணக்கூடும். அமெரிக்காவில் டி.வி. விற்கும் வீசியோ நிறுவனம் பயனர்களின் சம்மதமின்றி இப்படித் திரட்டியதாக எழுந்த வழக்கை முடிக்க 2017 இல் 22 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது.

முதன்முதலில் டி.வி.யை ஆன் செய்யும்போது வரிசையாக 'அக்ரீ' கேட்கும் அல்லவா, அதில் ஒன்று இதற்கான சம்மதம். படிக்காமல் அழுத்தியிருந்தாலும் திரும்பப் பெறலாம். சாம்சங்கில் 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', எல்.ஜி.யில் 'லைவ் பிளஸ்', சோனியின் பல மாடல்களில் 'சாம்பா' என்ற பெயரில் தேடி அணையுங்கள். படம் பார்ப்பதில் எந்தக் குறையும் வராது. மென்பொருள் அப்டேட்டுக்குப் பின் மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

கேள்வி: ஆன்லைனில் 'பை' அழுத்திக் காசு கொடுத்து வாங்கிய படம் எனக்குச் சொந்தமா?

பதில்: இல்லை. பார்க்கும் உரிமையைத்தான் வாங்குகிறீர்கள். விற்றவருக்கும் உரிமையாளருக்கும் உள்ள ஒப்பந்தம் முறிந்தால் படம் உங்கள் பட்டியலிலிருந்து மறையக்கூடும். 2009 இல் அமேசான், விற்ற மின்னூல்கள் சிலவற்றை வாடிக்கையாளர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே நீக்கியது. விற்றவருக்கு அந்த உரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்ப வந்தது, நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். கலிஃபோர்னியாவில் 2025 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், இது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 'பை' என்று பொத்தான் வைப்பதைத் தடுக்கிறது. ஓடிடி ஆப்பில் செய்யும் டவுன்லோடும் இப்படித்தான். சிலவற்றில் ஓட்டத் தொடங்கி 48 மணி நேரத்தில் காலாவதியாகும். நீண்ட பயணத்துக்கு முன் ஆப்பைத் திறந்து பாக்கி நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் நிற்க வேண்டுமென்றால் டிஸ்க் வாங்குங்கள். இல்லையேல் கோப்பாகவே, பூட்டில்லாமல் தரும் தளங்கள் உண்டு. இசைக்கு பேண்ட்கேம்ப், கேமுக்கு ஜி.ஓ.ஜி. அப்படிப்பட்டவை.

கேள்வி: ஓ.எல்.இ.டி. டி.வி.யை ரிமோட்டில் அணைத்தால் போதுமா, சுவர் சுவிட்சையும் அணைக்க வேண்டுமா?

பதில்: ரிமோட்டோடு நிறுத்துங்கள். சில மணி நேரம் ஓடியபின் அணைத்தால், ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான் டி.வி. தன் பிக்சல்களைச் சோதித்துத் தேய்மானத்தைச் சமன்செய்கிறது. தினமும் சுவரில் அணைத்துவிட்டால் அந்த வேலை நடக்காமலே போய், சேனல் லோகோ திரையில் நிலைத்துப் பதியும் வாய்ப்பு கூடும். இடி மின்னல் நாட்களில் பிளக்கையே பிடுங்குங்கள், அதில் தவறில்லை.

கேள்வி: டி.வி. ஸ்டிக் படத்தின் நடுவில் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. மாற்றிவிடலாமா?

பதில்: டி.வி.யின் யு.எஸ்.பி. துளையிலிருந்து மின்சாரம் எடுக்கிறீர்கள் என்று தெரிகிறது. சாதாரண யு.எஸ்.பி. 2.0 துளை 0.5 ஆம்பியர்தான் தரும். ஸ்டிக்குக்கு 1 ஆம்பியராவது வேண்டும். கூடவே வந்த அடாப்டரைச் சுவரில் செருகி ஒரு வாரம் பாருங்கள்.